நீர்நாய் கேட்ட கேள்வி

டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னபோது மங்கையற்கரசிக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு கிழட்டு நீர்நாய்.

ஜெர்மனியில் பான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாம் மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர். கண்ணாடி போட்ட இளம்பெண், களைத்த முகம். இந்தப் பக்கம் மங்கையற்கரசி. அவளுக்கு அருகில், கதிரையைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மகள் சுபானி. தாய்க்கு ஜெர்மன் வராது, மகள்தான் அவளுக்கு வாயும் காதும் என்பது டொக்டருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனால் அவர் சுபானியைப் பார்த்தே பேசினார். பேச்சில் பாதிக்கு மேல் மங்கையற்கரசி கேள்விப்படாத மருத்துவச் சொற்கள். ஆனால் நடுவில் வந்த ‘உன்ஹைல்பார்’ என்ற சொல்லை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தில், காயம்பட்டுக் கிடக்கும் நீர்நாயைப் பார்த்துவிட்டுக் கொக்கு வைத்தியர் சொல்லும் சொல் அது. இனிக் குணமாக்க முடியாது என்று பொருள்.

சுபானி தாயின் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“வயித்துக்குள்ளை ஒரு புண்ணாம், அம்மா. கொஞ்சம் பெரிசாம். மருந்து ஏத்தினா ஆறிடுமாம். பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லுறா.”

“அப்பிடியோ,” என்றாள் மங்கையற்கரசி.

‘எனக்கு விளங்கினது, பிள்ளை’ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் அவள் வாயை அடைத்தது மகளின் பொய் அல்ல. அவளுடைய சொந்தப் பொய்.

சுபானிக்கு மொழிபெயர்ப்பு வேலை ஏழு வயதில் தொடங்கியது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கவுண்டருக்கு மேலே தலை எட்டாத வயதில், அகதி விசாவைப் பற்றி அதிகாரி கத்துவதைத் தமிழாக்கித் தகப்பனுக்குச் சொன்ன பிள்ளை அவள். தன்னுடைய பள்ளிக்கூட வகுப்பாசிரியர் தன்னைப் பற்றிச் சொன்ன முறைப்பாட்டையும் அவளேதான் தாய்க்கு மொழிபெயர்த்தாள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் மங்கையற்கரசி சந்தோஷப்பட்டு அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். தகப்பன் சந்திரமௌலி இத்தாலியன் உணவகம் ஒன்றின் குசினியில் வேலை செய்தார். மங்கையற்கரசி ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தாள். விரிப்புகள் யாருடனும் பேசுவதில்லை. வந்த நாள் முதல் ‘ஆம்’, ‘இல்லை’, ‘நன்றி’ என்ற மூன்று சொற்களோடு அவள் ஒரு வாழ்க்கையையே ஓட்டிவிட்டாள்.

பிறகு சந்திரமௌலி செத்துப்போனார். அதற்கு முன்பே சுபானி பிராங்பேர்ட்டில் வங்கி வேலை கிடைத்து, நிசாந்தைக் கல்யாணம் செய்து, போய்விட்டாள். பிராங்பேர்ட் ஒன்றும் சந்திரமண்டலம் இல்லை, ரயில் ஏறினால் வரலாம். ஆனால் வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். “சாப்பிட்டீங்களோ, குளிசை போட்டீங்களோ,” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஆனால் கண் டொக்டரிடம் நேரம் குறித்த ஒரு டெர்மின், ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு டெர்மின் என்றால் சுபானி லீவு போட்டுக்கொண்டு முதல் நாளே வந்து நிற்பாள். இரவு தங்குவாள். தாயின் புட்டையும் மீன் குழம்பையும் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிடுவாள். ஊரில் தாய்மார் பிள்ளை வருமென்று கோயில் திருவிழாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மங்கையற்கரசி பல்லுவலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற நாட்களில் வீட்டில் பேச ஆள் இல்லை. சுபானியின் பழைய அறையில் ஒரு புத்தக அலுமாரி மட்டும் இருந்தது. தூசி தட்டப் போனவள் ஒருநாள் படம் பார்க்க ஒரு புத்தகத்தைத் திறந்தாள். மந்திர நாடுகளும் பேசும் மிருகங்களும் நிறைந்த சிறுவர் நாவல்கள். வசனங்கள் குட்டையாக இருந்தன. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. போனை வைத்துச் சொல்லுக்குச் சொல் பொருள் தேடித் தொடங்கியவளுக்கு, ஒரு மாரிகாலம் முடிவதற்குள் போன் தேவைப்படவில்லை. அலுமாரி முடிந்ததும் நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போனாள். “யாருக்கு?” என்று நூலகப் பெண்மணி கேட்டார். “பேரனுக்கு,” என்றாள். அவளுக்குப் பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை. “எத்தனை வயது?” என்று கேட்டபோது வாய்க்கு வந்ததை, எட்டு என்றாள். அந்தப் பேரன் பல வருடங்களாக எட்டு வயதிலேயே இருந்தான். நூலகப் பெண்மணி அவனுக்கென்று வருடா வருடம் பக்கத்தை அடையாளம் வைக்க டிராகன் படம் போட்ட அட்டை கொடுத்து விடுவார். மங்கையற்கரசி அதை வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வாள்.

அறுபது வயதில் வாசிக்கிறவளுக்குப் பத்து வயதுப் பிள்ளை காணாதது எல்லாம் கண்ணில் பட்டது. அந்தக் கதைகளில் தாய்மாருக்கு முதலாம் அத்தியாயத்திலேயே வேலை முடிந்துவிடும். ஒன்றில் சாவார்கள், அல்லது பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பிவிட்டுக் காணாமல் போவார்கள். பிள்ளைகள் கண்ட கண்ட மிருகங்களின் வீட்டிலெல்லாம் வயிறு முட்டச் சாப்பிடுவார்கள், ஒருவராவது கோப்பை கழுவ வேண்டுமே, இல்லை! மந்திர நாட்டு எல்லையில் எவனும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. மங்கையற்கரசி தானும் ஒரு காலத்தில் பனிக்காடு வழியாக, முன்பின் தெரியாத ஒருவனின் பின்னால் நடந்து ஒரு நாட்டுக்குள் வந்தவள்தான். அங்கே அவளை வரவேற்கப் பேசும் மிருகம் ஒன்றும் நிற்கவில்லை, நாயோடு பொலிஸ் நின்றது. சூனியக்காரக் கிழவிகளைப் பற்றி அவளுக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. பாவம், தனிய இருக்கிறாளவை, ஒருத்தரும் கதவைத் தட்டுவதில்லை, பின்னை புத்தி பேதலிக்காமல் என்ன செய்யும் என்று நினைப்பாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது மில் ஒன்றின் பின்னால் ஓடும் மாய ஆற்றின் கதை. லேனா என்ற சிறுமியைக் கிழட்டு நீர்நாய் ஒன்று தோணியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் நீர்நாய் அடிபட்டுக் கிடக்கிறது. கொக்கு வைத்தியர் ‘உன்ஹைல்பார்’ என்று லேனாவின் காதில் சொல்லிவிட்டுப் பறந்துவிடுகிறார். நான் சாகப் போகிறேனா என்று நீர்நாய் கேட்கிறது. ஆம் என்கிறாள் லேனா. பிறகு இருவரும் பொழுது சாயும்வரை, பிடித்த மீன்களைப் பற்றியும் நடத்திய சண்டைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிறுவயதில் சுபானி இதே புத்தகத்துக்கு அழுதழுது காய்ச்சல் வந்து கிடந்தவள்.

இவ்வளவும் மகளுக்குத் தெரியாது. தெரியப்படுத்தினால் டெர்மினுக்கு ஆள் தேவையில்லை, ஆள் தேவையில்லை என்றால் சுபானி வரமாட்டாள். அதனால் கண் டொக்டர் சொல்வது முழுக்க விளங்கினாலும், மங்கையற்கரசி முழித்துக்கொண்டு மகளின் வாயைப் பார்ப்பாள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு மகள் பக்கத்து அறையில் தூங்குகிற மூச்சுச் சத்தத்துக்கு முன்னால் அந்தக் கூச்சம் பெரிதில்லை.

இப்போது அந்தக் கள்ளத்தனமே கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். சுபானி காட்டிய இடங்களில் மங்கையற்கரசி கையெழுத்து வைத்தாள். வாயில் இரும்பைச் சப்பின ருசி வந்தது. குடித்த தண்ணீரும் திரும்பி வந்தது. தலைமயிர் தலையணையில் கொட்டியது. “அந்தப் புண் மருந்துக்கு அப்பிடித்தானாம், அம்மா, பிறகு வளருமாம்,” என்றாள் சுபானி. மயிர் கொட்டுகிற வயிற்றுப்புண்ணை உலகத்தில் எவள் நம்புவாள்? தன்னை மகள் இவ்வளவு பெரிய மடைச்சி என்று நினைத்துவிட்டாளே என்று மங்கையற்கரசிக்குக் கோபம் வந்தது. மறுகணம், மகள் தாள்கோப்பையைப் பிடித்துக்கொண்டு தன் வாயைத் துடைத்துவிடும்போது கோபம் எங்கேயோ போய்விடும்.

பக்கத்து வீட்டு பிளோறன்ஸ் அக்கா செபமாலையோடு பார்க்க வந்தாள். “ஒண்டுமில்லை, மங்கை. சின்னப் புண்தானே. மாதாவை மண்டாடியிருக்கிறன்,” என்றாள். சொல்லும்போது அழுகையை அடக்கியதில் மூக்கு சிவந்துவிட்டது. வெளியே தாழ்வாரத்தில் சுபானியிடம் அவள் குசுகுசுத்தது கதவிடுக்கால் கேட்டது. “சொல்லிப்போடாதை பிள்ளை. சொன்னா மனம் உடைஞ்சு முன்னுக்கே போயிடுவா.” நோயாளியைத் தவிர எல்லோருக்கும் சொல்லிவைப்பது நம்மவர்களின் வழக்கம். பானில் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை டொக்டர் கட்டிலருகே வந்தார். முதல் சுற்று மருந்து பெரிதாகக் கேட்கவில்லை என்றார். திங்கட்கிழமை அடுத்த சுற்றைத் தொடங்கலாம், ஆனால் அது கொடுக்கிற நாட்களைவிட எடுக்கிற நாட்கள் அதிகமாக இருக்கலாம், வலிக்கு மட்டும் மருந்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கவும் வழி உண்டு என்றார். “உங்கள் அம்மாவுக்கு என்ன விருப்பம்? தயவுசெய்து அவரிடம் கேளுங்கள்,” என்றார்.

சுபானி திரும்பினாள். “திங்கட்கிழமை திரும்ப மருந்து ஏத்துவினமாம், அம்மா. சரிதானே?”

மங்கையற்கரசி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். “எனக்கு ஏலாது, பிள்ளை. இனி வேண்டாம். என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ.”

சுபானி டொக்டர் பக்கம் திரும்பினாள். “என் அம்மா போராட விரும்புகிறார். எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறார்,” என்று நல்ல ஜெர்மனில் சொன்னாள்.

டொக்டர் மங்கையற்கரசியைப் பார்த்து, தைரியசாலி என்பதுபோல் சிரித்துவிட்டுப் போனார். மங்கையற்கரசி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தன் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடுங்கி, அதற்குப் பதிலாக இன்னொன்றை வைத்த பிள்ளையை என்ன செய்வது? அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். டொக்டருக்கு முன்னால் மகளைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை அந்த ஊசி மறுபடி ஏறினால் இந்த அறையை விட்டு வெளியே போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவளாக நடித்தபடியே இங்கே செத்துப்போவதை நினைக்க, சாவைவிட அதுதான் பயமாக இருந்தது.

“நாளைக்கு வரேக்கை உன்ரை அலுமாரியிலை இருந்து அந்த ஆத்துக் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா,” என்றாள். “மட்டையிலை நீர்நாய் தோணி வலிக்கிற படம் போட்டிருக்கு.”

சுபானி ஆச்சரியத்தோடு பார்த்தாள். “ஏன் அம்மா?”

“நீ எனக்கு வாசிச்சுத் தமிழிலை சொல்லு. பொழுது போகட்டும்.”

மறுநாள் பின்னேரம் சுபானி கட்டிலருகே இருந்து புத்தகத்தை விரித்தாள். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னாள் தாய். ஏன் அதை என்று சுபானி கேட்கவில்லை. ஒரு பந்தியைக் கண்ணால் மேய்ந்துவிட்டு உடனே தமிழில் சொல்வாள். எவ்வளவு லாவகமாகச் செய்கிறாள் என்று மங்கையற்கரசிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆற்றங்கரை வந்தது, நாணல் வந்தது, கொக்கு வைத்தியர் வந்தார். லேனாவின் காதில் அவர் குனிந்தார்.

“காயம் கெதியிலை மாறிடும் எண்டு கொக்கு சொல்லிச்சுது,” என்றாள் சுபானி.

மங்கையற்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். “பிறகு?”

“நீர்நாய் கேட்டுது, எனக்குச் சுகம் வந்திடுமோ எண்டு. லேனா சொன்னாள், ஓம், வந்திடும், கொஞ்சம் நித்திரை கொள்ளு எண்டு.”

மகள் பொய்யைச் சொல்கிற விதத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. ஏழு வயதிலிருந்து பழகிய வேலை அது. பிழை அதைப் பழக்கிய வீட்டில்தான்.

“புத்தகத்தைத் தா,” என்றாள் மங்கையற்கரசி.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். புத்தகத்தை வயிற்றில் நிறுத்திவைத்து, அந்தப் பக்கத்தை ஜெர்மனில் உரக்க வாசித்தாள். உச்சரிப்பு தடித்திருந்தது, ஆனால் ஒரு சொல் தவறவில்லை. ‘உன்ஹைல்பார்,’ என்றது கொக்கு. ‘நான் சாகப் போகிறேனா?’ என்று கேட்டது நீர்நாய். ‘யா,’ என்றாள் லேனா. ஆம்.

சுபானியின் வாய் திறந்தபடி நின்றது. “அம்மா, நீங்கள் வாசிப்பீங்களோ?”

“வாசிப்பன்.”

“விளங்குமோ?”

“அண்டைக்கு டொக்டர் முதல் சொன்னதும் விளங்கினது. நேற்று நீ சொன்னதும் விளங்கினது.”

சுபானியின் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எப்ப துவக்கம்?”

“அப்பா போனதுக்குப் பிறகு.”

“அப்ப கண் டொக்டர்? முழங்கால்? அந்தப் பென்சன் அலுவல்? நான் மனேஜரிட்டை பேச்சு வாங்கி, லீவு போட்டு, ஓடி ஓடி வந்தனான்! நிசாந்தோடை சண்டை பிடிச்சு வந்தனான்! ஏன் அம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?”

“விளங்கும் எண்டு சொல்லியிருந்தா, வந்திருப்பியோ?”

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் சுபானி வாயெடுத்தாள். சொல்லவில்லை. இந்த ஒன்றிலாவது அவள் பொய் சொல்லாமல் விட்டாளே என்று தாய் நினைத்தாள். ஆனாலும் அந்த மௌனம் மருந்தைவிட மோசமாக வலித்தது.

“சொன்னா உடைஞ்சு போவீங்கள் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்,” என்றாள் சுபானி கடைசியில்.

“உடைஞ்சுதான் போனன். தனியக் கிடந்து உடைஞ்சன்.”

சுபானி எழுந்து வெளியே போய்விட்டாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டி உருளுகிற சத்தம் வந்து போயிற்று. இவள் இனித் திரும்பி வரமாட்டாள், பிராங்பேர்ட்டுக்கு ரயில் ஏறிவிடுவாள், உள்ளதையும் நானே கெடுத்துவிட்டேன் என்று மங்கையற்கரசி நினைத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு பயம் அவளுக்குப் பனிக்காட்டிலும் வந்ததில்லை.

கதவு திறந்தது. சுபானி முகம் கழுவியிருந்தாள், கழுவியும் பிரயோசனம் இருக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டாள். இம்முறை முன்னால் அல்ல, தாயின் தலைமாட்டில். புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தை விரித்தாள்.

“நான் சாகப் போறனோ எண்டு நீர்நாய் கேட்டுது,” என்றாள். அடுத்த வரி வரவில்லை. மங்கையற்கரசி காத்திருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை.

“ஓம்,” என்றாள் சுபானி. சொல்லிவிட்டுத் தாயின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அழுததுபோல் சத்தம்போட்டு அழுதாள்.

“இந்தக் கதைக்கு முந்தியும் இப்பிடித்தானே அழுதனீ,” என்றாள் மங்கையற்கரசி. “பாத்ரூம் கதவைப் பூட்டிப்போட்டு.”

“நீங்கள் கதவுக்கு வெளியிலை நிண்டு பேசினீங்கள். கதைக்கு ஏன் அழுகிறாய் எண்டு.”

“எனக்கு அப்ப வாசிக்கத் தெரியாதே,” என்றாள் தாய்.

சனியும் ஞாயிறும் சுபானி பிராங்பேர்ட்டுக்குப் போகவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த அந்த நாளில் ஆசிரியர் உண்மையில் என்ன சொன்னார் என்பதைச் சொன்னாள். மங்கையற்கரசி எட்டு வயதிலேயே நின்றுபோன பேரனைப் பற்றிச் சொன்னாள். சிரித்தால் வயிறு கொளுவிப் பிடித்தது, அதனால் சிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கவேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனால் கட்டிலை எந்த அறையில் போடுவது என்றும் பேசினார்கள். புத்தக அலுமாரி உள்ள அறை என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை டொக்டர் வந்தார். பின்னால் தாதி மருந்துப் பையோடு நின்றாள். டொக்டர் வழக்கம்போல் சுபானியைப் பார்த்தே பேச்சைத் தொடங்கினார். சுபானி வாயைத் திறக்காமல் தாயைப் பார்த்தாள்.

“நான் இனி மருந்து எடுக்க விரும்பவில்லை,” என்றாள் மங்கையற்கரசி ஜெர்மனில். “நான் வீட்டுக்குப் போக விரும்புகிறேன்.” சிறுவர் கதைகளில் வருகிற மாதிரிக் குட்டையான, சுத்தமான வசனங்கள்.

டொக்டர் திடுக்கிட்டுப்போனார். எத்தனை நாள் பழக்கம்! கேட்டது தன்னுடைய மொழி என்பதையே மறந்து, மொழிபெயர்ப்புக்காகச் சுபானியின் முகத்தைப் பார்த்தார். சுபானிக்கும் அதே பழக்கம்தான். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“அம்மாவுக்கு இனி மருந்து வேண்டாமாம். வீட்டை போகோணுமாம்.”

தமிழில் சொன்னாள்.

டொக்டருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் அவர் மெல்லத் தலையை ஆட்டினார், தாதிக்குக் கண் காட்டினார், தாதி மருந்துப் பையைக் கொண்டு வெளியே போனாள். சுபானி தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.